கள்ளாட்டம் ஆடாத மனுசன்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தம் அடைத்துப் பக்கவாதம் வந்தது. ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்குச் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

காரணம், தாயம். கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் நாங்கள் இருவரும் தாயம் உருட்டுவோம். கள்ளாட்டம் ஆடாமல் அவர் ஜெயித்ததே கிடையாது. காபி எடுக்க நான் திரும்பினால் போதும், அவர் காய் இரண்டு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கும். கேட்டால், "ஏட்டி, காத்துல நகந்துருக்கும்" என்பார். வீட்டில் ஃபேனே இல்லாத காலத்திலும் இதே பதில்தான்.

படுத்து எழுந்த பிறகோ, வேண்டுமென்றே அடுப்படியில் நின்றுவிட்டு வந்தாலும் காய் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் காயை வெட்டினாலும் கோபமில்லை. பாதி ஆட்டத்தில் தூங்கிவிடுவார்.

"அப்பா இப்பத்தாம்மா திருந்தியிருக்காக, விடுங்க" என்றான் மகன்.

"ஏலே, திருந்துன ஆளு எனக்கு எதுக்கு? பழைய ஆளக் கூட்டிட்டு வா" என்றேன்.

மறுபடி ராஜபாளையம் போனோம். டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயது. "அவிய கள்ளாட்டம் ஆட மாட்டேங்காக தாயி" என்றதும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

படத்தைக் காட்டி, "அடைச்சது மேல, இந்த இடத்துல, ஆச்சி. உள்ள நடுவுல, ஆள முழிப்பா, சுறுசுறுப்பா வச்சிருக்கிறதுக்குத் தலாமஸ்னு பேரு. அங்க அடைப்பே இல்ல. ஆனா சுருங்கிப்போயிருக்கு" என்றார்.

"அடிபடாத இடம் ஏன் தாயி சுருங்குது?"

"ராஜபாளையம் ரோடு வழியில உடைஞ்சா, உங்க ஊரு பஸ் ஸ்டாண்டு இடிஞ்சா போகும்? ஆனா பஸ் வராட்டி அங்க உள்ள கடையெல்லாம் சாத்திருவாங்கள்ல? அந்த மாதிரி."

"அப்ப சுத்துப்பாதையில மம்சாபுரம் வழியா ஒரு டவுன் பஸ்ஸ விட வேண்டியதுதான?"

டாக்டரம்மா மறுபடி சிரித்துவிட்டார். "அதத்தான் செய்யணும். பகல்ல தூங்க விடாதீங்க. பேசுங்க, விளையாடுங்க, சண்டை போடுங்க. எவ்வளவு திரும்பும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

சண்டை போட எனக்குச் சொல்லியா தர வேண்டும்? அவர் கண் சொக்கினால் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். காயை வெட்டிவிட்டுப் பழிப்புக் காட்டினேன். வெயில் காலம் போய் மழைக்காலமும் வந்துவிட்டது. அவர் அப்படியேதான் இருந்தார். ஒரு சாயங்காலம் காபியோடு திரும்புகிறேன், அவர் காய் இரண்டு கட்டம் தள்ளி இருக்கிறது! அவர் ஒன்றும் தெரியாதவர் போல உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய் எப்படி அங்க போச்சு?"

"காத்துட்டி."

சன்னல் சாத்தியிருந்தது. ஃபேனும் ஓடவில்லை. சீனி எடுக்கப் போகிறாற்போல அடுப்படிக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பிறகு வந்து உட்கார்ந்து தோற்றுக்கொடுத்தேன்.

போன வருடம் அவர் கர்த்தரிடம் போய்விட்டார். எனக்கு உடம்பில் எங்கும் அடியில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் கடைகளெல்லாம் சாத்திக் கிடக்கின்றன. அதனால் சாயங்காலமானால் தாயக்கட்டத்தைப் போட்டு, இருவருக்கும் நானே உருட்டுகிறேன். காபி எடுக்க எழுந்திருக்கும்போது அவர் காயை இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிட்டுத்தான் போகிறேன். மம்சாபுரம் வழி பஸ்ஸை நான் இன்னும் நிறுத்தவில்லை.