செல்லுக்கு எவ்வளவு டோஸ்?

நகராத ஒன்றை, நகரும் நகரும் என்று நாள் முழுக்க வெறித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். மைக்ரோஸ்கோப் முன்னால் கழுத்து பிடித்துக்கொண்ட சக பாவப்பட்டவர்களுக்கு இது புரியும்.

டவர் எடுக்காது

மரக்காணம் உப்பளச் சேற்றில் கிடைக்கும் அமீபா ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். பாக்டீரியா விடும் ரசாயனம்தான் அதற்குச் சாப்பாட்டு வாசனை. அதை எவ்வளவு டோஸ் வைத்தால் எவ்வளவு தூரம் தேடி வரும் என்பதே என் பிஎச்டி. சேறு அள்ளப் போன இடத்தில், உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா என்ன வேலை என்று கேட்டார். "செல்லுக்கு சிக்னல் கொடுத்து, நகருதான்னு பார்க்கிறேன்க்கா" என்றேன். பரிதாபமாகப் பார்த்தார்.

"இந்தப் பள்ளத்துல டவர் எடுக்காதும்மா. ரோட்டு மேல ஏறி நின்னு பாரு."

உத்தரவு

லேபில் அந்த ரசாயன சிக்னலைக் கொடுத்தும் செல் நகரவில்லை. டோஸை ஏற்றினேன். அசையவில்லை. இன்னும் ஏற்றினேன். 'செல்' என்றால் தமிழில் 'போ' என்று அர்த்தம். பேரிலேயே உத்தரவு இருந்தும் போகாத ஜென்மங்கள். நானும் விடுவதாயில்லை, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய டாபிக். கைடு மேடம் ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிவ்யூவுக்குள்ள ஒண்ணாவது நகரணும். இல்லன்னா இந்த டாபிக்கை விட்டுட்டு பாசி எண்ண உட்காரு."

குமார் நகரவில்லை

பிஎச்டி கமிட்டி முன்னால் நிற்க வேண்டிய ரிவ்யூ நெருங்கியது. என்னோடு ஆராய்ச்சி செய்யும் மரக்காணம் பக்கத்துப் பிரம்மதேசத்துக் குமார் அன்று ஒரு ஃப்ளாஸ்க்கை உடைத்தான். மேடம் டோஸ் விட ஆரம்பித்தார். உடைத்ததற்கு, லேட்டாக வந்ததற்கு, வராத ரிப்போர்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. அவர் போன பிறகும் அவன் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அப்படியே நின்றான். "கொஞ்சம் நகர்ந்து நில்லேன்பா" என்றேன்.

"எந்தப் பக்கம் போனாலும் ஒரே டோஸு. எங்க நகர்றது?"

ஒரு துளி

சுரீரென்று உறைத்தது. டோஸ் ஏற ஏற, செல்கள் கிடக்கும் கண்ணாடித் தட்டு முழுக்க ஒரே வாசனை. சாப்பாடு எந்தப் பக்கம் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ரசாயனத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குறைத்து, தட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு துளி வைத்தேன். "கூட்டியே வரல, குறைச்சா வருமா?" என்று மேடம் முறைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. வெயில் சாயும் நேரம் ஒரு செல் அந்த ஓரத்தைப் பார்த்து ஊர ஆரம்பித்தது, பின்னாலேயே மற்றவையும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடத்தைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரிவ்யூவுல நீயே பேசு. டாபிக் உன்னுதுதான்."

அமீபாவுக்குச் சரியான டோஸ் கண்டுபிடித்தாயிற்று. மேடம் விடும் டோஸுக்குச் சரியான அளவு என்ன என்று ஆராய, எங்கள் லேபில் இன்னும் ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.