வாசலில் தொங்கும் முகம்

ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சுகுமாரனுக்கு நுரையீரல் புற்றுநோய் மூளைக்கும் பரவியிருந்தது. கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை அசையக் கூடாதென்று, அவர் முகத்திலேயே அச்செடுத்த வலை முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். வாய் ஓயாத மனிதர் அங்கே மட்டும்தான் சும்மா கிடந்தார்.

சிகிச்சை முடிந்த அன்று தாதி அந்த முகமூடியைக் குப்பையில் போடப் போனார்.

"குடுங்க மிஸி, என் மூஞ்சி லா அது!"

பட்டறைப் பெயிண்டில் முட்டைக்கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு எல்லாம் வரைந்து, வீட்டு வாசலில் திருஷ்டி பொம்மையாகக் கட்டினார்.

மனைவி லெட்சுமி முறைத்தாள். "ஆஸ்பத்திரி சாமான யாராச்சும் வாசல்ல கட்டுவாங்களா?"

"மண்டைக்குள்ள பூந்ததையே எதுத்து நின்ன மூஞ்சி இது. வாசலுக்கு வர்றதெல்லாம் எம்மாத்திரம்?"

லெட்சுமி அண்ணாந்து பார்த்தாள்.

"மீசை கோணலா இருக்கு. பிரஷ்ஷ இங்க குடுங்க."