யோகம் அக்காவின் வெள்ளை ஜீப்

யோகம் அக்கா இல்லை... இன்று காலை அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டதாம்.

கையில் கிரீஸோடு அப்படியே நின்றேன். அக்காவின் ஜீப் அந்த நேரம் என் முன்னால்தான் நின்றது. பின் சில்லு இரண்டும் கழற்றி, பிரேக் வேலைக்கு ஜாக்கியில்.

நண்பர்கள் பலருக்கு அவரைப் பெயர் சொன்னால் தெரியாது. மாங்கேணியிலிருந்து பெரிய வெள்ளை ஜீப் ஓட்டி வரும் பொம்பிளை என்றால் தெரியும்.

முதல் தடவை அந்த ஜீப்பை ஒரு ட்ரக்டர்தான் என் கராஜுக்கு இழுத்து வந்தது. ரேடியேட்டர் அடைப்பு, ஹெட் கேஸ்கட் போய் ஒயிலும் தண்ணீரும் கலந்து பால் தேத்தண்ணி மாதிரிக் கிடந்தது. கடல் காற்றுக்கு சேசி முழுக்கக் கறல். சுத்தியலால் தட்டினால் துருவாகக் கொட்டியது.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். இருபத்தைந்து வருஷத்து வண்டி, டீசல் ஊற்றிக் கட்டாது. இதற்கு ஒரு டயர் வாங்கும் காசில் சின்னக் காருக்கு மூன்று வாங்கலாம். பார்ட்ஸ் கொழும்பிலிருந்து வரவேண்டும். இன்றைக்கு இதைச் செய்தால் அடுத்த மாதம் கியர் பொக்ஸ், அதற்கடுத்த மாதம் டீசல் பம்ப்... விற்றுவிட்டு ஒரு ஆட்டோ எடுங்கள் என்றேன்.

"நான் விலை கேட்டு வரல்ல மனே. திருத்த வந்தனான்."

அவ்வளவுதான் பேச்சு.

ஒன்பது வருஷம் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். அந்த வீட்டில் இதே மாதிரி ஜீப் மூன்று நின்றதாம். இவர் பின்னால், சாமான்களுக்கு நடுவே, அவர்களுடைய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவாராம்.

ஊருக்கு வந்ததும் காணி வாங்கு, மகளுக்கு நகை செய் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா ஜீப் வாங்கினார். நாற்பத்து மூன்று வயதில் லைசன்ஸ் எடுத்தார். சந்தியில் நின்று சிரித்தவர்களுக்கு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார்.

கிழமைக்கு இரண்டு நாள், சிறுநீரகம் பழுதான நாலு பேரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவார். இரத்தம் சுத்தம் செய்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து போக அவர்களுக்கு ஏலாது. பின் சீற்றை மடித்து மெத்தை போட்டிருந்தார். படுத்துக்கொண்டே போகலாம்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலம். பழைய ஜீப்புக்கெல்லாம் நல்ல கிராக்கி. அக்காவின் ஜீப் மறுபடியும் சூடேறி, எஞ்சின் திறந்தபடி என்னிடம் கிடந்தது. அவருடைய தம்பி, ஜீப்பை வாங்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். எஞ்சின் புளொக் வெடித்துவிட்டது என்று நான் சொன்னால் அக்கா மலிவாக விட்டுவிடுவாராம். எனக்கும் ஏதாவது தருவார்களாம்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை.

அடுத்த நாள் அக்கா பஸ்ஸில் வந்தார். புளொக் வெடித்துவிட்டது, இனிச் சரிவராது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பேக்கைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த டோர்ச்சை வாங்கினார்.

"எங்க, காட்டு."

ஒரு இடத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு இடத்தைக் காட்டினேன். அதையும் தடவினார். மூன்றாவது இடம் காட்ட எனக்குக் கை எழும்பவில்லை.

"என்ட தம்பி வந்தவனா?"

ஓம் என்றேன்.

ஏசுவார், ஜீப்பை வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு பழைய டயரை உருட்டி வந்து போட்டு அதில் இருந்தார்.

"வேற கராஜிக்குப் போனா அங்கயும் அவன் போவான். உன்னையாவது எனக்கு இனித் தெரியும். கழட்டினதெல்லாம் திரும்பப் பூட்டு மனே."

மூன்று நாள் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி போல்ட் இறுகும் வரை அதே டயரில் இருந்தார். கூலி வேண்டாம் என்றேன். சும்மா செய்த வேலையை நம்பி நோயாளிகளை ஏற்ற முடியாது என்று சொல்லி, தந்துவிட்டுத்தான் போனார்.

பிறகு டீசல் இல்லாத காலம் வந்தது. லைனில் இரண்டாவது நாள், பொம்பிளை தானே, முன்னுக்கு விடுவோம் என்று யாரோ சொன்னார்கள். நானும் அந்த லைனில் நின்றேன்.

"பொம்பிளை எண்டு விட வேணாம் தம்பி. நோயாளி ஏத்துற வண்டி எண்டு விடுறதெண்டா விடுங்க."

விட்டார்கள்.

இன்று காலை பேஸ்புக்கில் ஜீப்பின் படத்தை மட்டும் போட்டிருந்தேன். அதற்குள் இரண்டு பேர் இன்பொக்ஸில் வந்து என்ன விலைக்குப் போகும் என்று கேட்கிறீர்கள். அக்காவை இன்னும் வீட்டிலிருந்து எடுக்கவில்லை.

ஜீப் விற்பனைக்கு இல்லை. மகள் சொல்லிவிட்டாள். அடுத்த கிழமை அந்த நாலு பேரையும் அவள்தான் ஏற்றிப் போகிறாள்.

பிரேக் வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. நாளை பின்னேரம் மாங்கேணியில் அடக்கம். பெட்டியை அந்த ஜீப்பில்தான் கொண்டுபோகிறார்கள். மயானத்துக்குப் பொம்பிளைகள் வருவதில்லை என்று வீட்டில் யாரோ சொன்னார்களாம். அப்படியென்றால் ஜீப்பை யார் ஓட்டுவது என்று மகள் கேட்டாளாம். அவள்தான் ஓட்டுகிறாள்.

நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருவேன். டூல்ஸ் பெட்டியோடு... அன்றைக்கே இருபத்தைந்து வருஷத்து வண்டி, வழியில் நின்றால் பார்க்க ஆள் வேண்டும்.

வாறன் அக்கா.