பரமேஸ் அக்காவின் ஒரு பக்கப் படிவம்

செவ்வாய்க்கிழமை காலை, மோர்னிங்சைட் பகுதியில் மரக்கறிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கப்போன நேரத்தில் அபிராமியின் அழைப்பு வந்தது. அவள் பரமேஸ் அக்காவின் ஒரே மகள்.

“அன்ரி, அம்மா போயிற்றா. ஜஸ்ற் நவ்” என்றாள்.  பின்னால் ஒரு தாதியின் குரல் கேட்டது. நான் காருக்குள்ளேயே இருந்தேன். கடைக்கு வந்தவர்கள் வண்டில்களைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். 

பரமேஸ்வரி நல்லரத்தினம் என்றால் உங்களில் பலருக்குக் கோயிலில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றவராகவே தெரிந்திருக்கும். மட்டக்களப்பு ஆட்கள் கூடும் இடங்களில் சத்தமாகச் சிரிப்பவராகவும் சிலருக்குத் தெரியும். அவருடைய தொழில் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் ஒரு பொலிஸ் காவல் பிரிவின் பதிவு அறையில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தார். சீருடை இல்லை, துவக்கு இல்லை. காவலர்கள் எழுதிக்கொண்டு வரும் அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுவதும், யாராவது கேட்டால் தேடிக் கொடுப்பதும்தான் வேலை. பக்கத்து மேசை என்னுடையது. எந்தப் பிரிவு என்று இங்கே எழுதப்போவதில்லை. நடந்ததைச் சொல்ல அது தேவையுமில்லை.

முதல் கிழமையே அவரைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அறிக்கைகளை அவர் திருப்பி அனுப்புவார். ‘கடும் நிறக் கார்’ என்று எழுதி வந்தால், கறுப்பா, கடும் நீலமா, கடும் பச்சையா என்று கேட்டுத் தாளில் ஒரு சிறு துண்டை ஊசியால் குத்தி அனுப்புவார். ஆறடி உயரமான காவலர்கள் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். “அவர் கண்டது அவருக்குத் தெரியும். தேடப்போறவனுக்கு இந்தத் தாள் மட்டும்தானே ஜசிந்தா தெரியும்” என்பார் என்னிடம்.

அவருடைய வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தது ஒரு மாசி மாதம். ரூஜ் பகுதியில் மகனோடு இருந்த சின்னத்துரை என்ற முதியவர் ஒருநாள் பின்னேரம் வீட்டைவிட்டு நடந்து போனார். மறதி நோய் வந்தவர். வீட்டார் எங்கள் பிரிவில் முறையிட்டார்கள். அந்த அறிக்கையைக் கணினியில் ஏற்றியது பரமேஸ் அக்காதான். குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் தகப்பன் பெயரான வேலுப்பிள்ளை போனது. முதற்பெயர் சின்னத்துரை. வயது எழுபத்துநான்கு. மண்ணிற மேலங்கி.

அன்றிரவே பக்கத்துப் பிரிவின் எல்லைக்குள், பஸ் தரிப்பிடம் ஒன்றில் பனிக்குளிரில் விறைத்துப்போய் இருந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் தன் பெயரைத் ‘துரை’ என்று மட்டும் சொன்னார். கேட்ட காவலர் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தில் தொடங்கி எழுதினார். எங்களிடம் அது ‘ரி, எச்’ என்ற எழுத்துகளில், அதுவும் சின்னத்துரையின் கடைசிப் பாதியாக இருந்தது. வயது அறுபதளவில் என்று போட்டார்கள். மேலங்கி கடும் நிறம். அந்தக் காலத்தில் எங்கள் கணினியும் அவர்களுடைய கணினியும் ஒன்றையொன்று பார்க்காது. அவர்கள் செய்தி அனுப்பிக் கேட்டால் நாங்கள் தேடிப் பதில் எழுதவேண்டும். மறுநாள் அவர்களின் செய்தி அக்காவின் மேசைக்கு வந்தது. வந்த எழுத்திலேயே பெயரைப் போட்டுத் தேடினார். ‘பதிவு இல்லை’ என்று பதில் போனது.

ஐந்தாம் நாள் காலை முதியவரின் மகன் ரவி முன் மேசையில் வந்து நின்றார். அது அவர் வந்த நாலாவது தடவை. தமிழ் தெரிந்தவர் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். “அப்பான்ரை வலக்கைச் சின்னிவிரல் பாதி இல்லை, அன்ரி. சின்ன வயசிலை மிசினுக்குள்ளை போனது. ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. அதையாவது எழுதுங்கோ” என்றார். அக்கா எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குப் பிறகு பக்கத்துப் பிரிவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த பெயர் தெரியாத முதியவர் முதல்நாள் சளிச்சுரத்தால் இறந்துவிட்டார். உடலில் உள்ள அடையாளங்கள் என்று ஒரு வரி இருந்தது. அதில் வலக்கைச் சின்னிவிரல்.

அக்கா கதிரையைவிட்டு எழுந்தார். எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாதவர்போல் அப்படியே நின்றார். “நான்தான் ஏத்தினன். நான்தான் இல்லையெண்டு எழுதினன்” என்றார். தமிழில் சொன்னதால் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் விளங்கியது.

மேலதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டு, அலுவலகம் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்பும், நீங்கள் எதுவும் பேசவேண்டாம் என்று சொன்னார். அந்தச் சனிக்கிழமை அக்கா என்னைக் கார் எடுத்து வரச் சொன்னார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரூஜில் அந்த வீட்டுக்கு முன்னால் இறங்கும்போது, “நீ உள்ளுக்கு வராத. உன்ட வேலைக்கும் பழுது வந்திடும்” என்றார். நான் காருக்குள் இருந்தேன். கதவு திறந்ததையும் அவர் உள்ளே போனதையும் கண்டேன். பத்து நிமிடத்தில் கதவு மறுபடி திறந்தது. ரவி கத்தியது தெருவுக்குக் கேட்டது.

“நாலு நாள்! நாலு நாள் அந்தாள் ஆருமில்லாமல் கிடந்தது! இப்ப வந்து சொல்லுறியளோ? போங்கோ!”

ரவிக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் அவருடைய அம்மா வந்து, உள்ளே விட்டுவிட்டு வந்த கழுத்துத் துணியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அக்காவை அவருடைய வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இறங்கும்போது, “அவன் கத்தினது சரிதான்” என்றார்.

அதன்பின் உள்விசாரணை நடந்தது. அவருடைய பணிக் கோவைக்குள் ஒரு கண்டனக் கடிதம் போனது. அந்த வருடம் கிடைக்கவிருந்த மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த வசந்தத்திலேயே ஒரு வேலையைத் தொடங்கினார்.

மோர்னிங்சைட்டில் இருந்த அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு படிவம் எழுதினார். காணாமல் போனவரைப் பற்றி முறையிடும் இடத்திலும், ஆள் தெரியாமல் ஒருவரைக் கண்டெடுக்கும் இடத்திலும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பெயர் எப்படி ஒலிக்கிறது, தகப்பன் பெயர் எது, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், வேறு எப்படியெல்லாம் எழுதலாம், கையில் காலில் முகத்தில் என்ன அடையாளம். கீழே மூன்று கட்டங்கள்: யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, அடுத்து யாரிடம் கொடுத்தது. “இப்ப இது யார்ர கையில இருக்கு? அதுக்கு ஒரு பேர் சொல்லேலாட்டி ஒருத்தர்ர கையிலயும் இல்ல எண்டுதான் அர்த்தம்” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் கணவரையும், பதிவு அறையில் எங்களோடு வேலை செய்த இன்னொரு பெண்ணையும் தேநீருக்குக் கூப்பிட்டார். என் கணவர் காணாமல் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டு பெண்கள் நாங்கள் இருவரும் தனித்தனி அறையில் படிவத்தை நிரப்பவேண்டும். நான் உயரம் நடுத்தரம் என்று எழுதினேன். மற்றவள் கட்டை என்று எழுதினாள். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பேனையை எடுத்து அந்தச் சொற்களை வெட்டினார். “நடுத்தரம் எண்டு எழுத இடமே குடுக்கப்படாது. அடியும் அங்குலமும் எழுதட்டும்.” இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் எழுதினால் பிழை கேள்வியில்தான் என்பது அவருடைய தீர்மானம். அப்படி எத்தனையோ ஞாயிறுகள். எங்கள் எல்லோருடைய கணவர்மாரும் ஒவ்வொரு முறை காணாமல் போனார்கள்.

அலுவலகத்தில் அது எளிதில் எடுபடவில்லை. அனுபவமுள்ள ஒரு புலனாய்வாளர் கூட்டத்தில் எழுந்து, ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு மாதிரி, அதைக் கட்டங்களுக்குள் அடைக்க முடியாது என்றார். அக்கா தன் ஆங்கிலத்தில் மெதுவாகப் பதில் சொன்னார். “வழக்குகள் வேறு வேறுதான், சேர். நாங்கள் கேட்க மறக்கிறவை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கின்றன.” புலனாய்வாளர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் போனார். பின்னர் எங்கள் பிரிவு அதை எடுத்தது, பக்கத்துப் பிரிவும் எடுத்தது. இன்று அந்தக் கேள்விகள் கணினித் திரையிலேயே இருக்கின்றன. ஒரு பெயரைப் போட்டால் அதை ஒத்த மற்ற எழுத்துகளையும் அது தேடுகிறது. காணாமல் போன ஒரு சோமாலியத் தாயை அதே நாளில் மகளிடம் சேர்த்தது அந்தத் திரைதான். அதில் அக்காவின் பெயர் எங்கும் இல்லை. புதிதாக வருபவர்கள் அது மேலிடத்திலிருந்து வந்தது என்றே நினைக்கிறார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அப்போதுதான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். மட்டக்களப்பில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனவர்கள் அவனைத் திருப்பி விடவில்லை. தாயும் அவருமாகப் போகாத அரச கந்தோர் இல்லை. போன இடமெல்லாம் ஒரு கொப்பியை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார்களாம்.

“எழுதினவன் எல்லாம் எழுதினான் ஜசிந்தா. ஒருத்தனும் மத்தவன் எழுதினதப் பாக்கல்ல.”

அதைச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போனார். அதற்குப் பிறகு தம்பியின் கதையை அவர் எடுக்கவில்லை.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அவரை அறிந்தவர்கள் கேட்க விரும்புவது இவ்வளவும்தான். ஆனால் மேலே சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

பக்கத்துப் பிரிவின் முதற்செய்தி வந்த அன்று, அக்கா அந்தத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “ஜசிந்தா, இது தமிழ்ப் பேர் போல கிடக்கு. வேற எழுத்தில போட்டுப் பாப்பமா?” என்று கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். “அக்கா, இல்லையெண்டால் இல்லைத்தானே. வாங்கோ, சாப்பாடு ஆறுது” என்றேன். அவர் பதிலை எழுதிவிட்டு என்னோடு வந்தார்.

விசாரணையில் அவரிடம் நேராகக் கேட்டார்கள், அந்தச் செய்தியை வேறு யாராவது பார்த்தார்களா என்று. இல்லை, நான் மட்டும்தான் என்றார். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அது அவருக்குத் தெரியும். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் அந்த வீட்டுக்குள் தனியே போனபோது நான் காருக்குள் இருந்தது அவர் சொன்னதற்காக மட்டுமல்ல.

கடந்த மாதம், நோய் முற்றி அவர் படுக்கையோடு இருந்தபோது, அவருடைய கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். “அக்கா, அண்டைக்கு மத்தியானம் நான்...” அவர் கண்ணைத் திறக்காமல் கையை அசைத்தார்.

“எனக்குத் தெரியும். நான் மறக்கல்ல. ஆனா நீ சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். அவர் என்னோடு பேசிய கடைசி முழு வசனம் அதுதான்.

இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் ஒருவர் நின்றார். தலை நரைத்திருந்தாலும் ரவியை எனக்குத் தெரிந்தது. எல்லோரும் வெளியேறும்போது என்னிடம் வந்தார். “அன்ரி, நீங்கள் அவவோடை வேலை செய்தனீங்கள்தானே? அவ ஒவ்வொரு வரியமும் அப்பான்ரை திவசத்துக்கு அம்மாவுக்குப் போன் எடுக்கிறவ. அம்மா கதைப்பா. நான் ஒரு நாளும் வாங்கிக் கதைக்கேல்லை” என்றார். 

நான் அவரை வாகனங்கள் நின்ற பக்கம் கூட்டிப்போய், அந்த மத்தியானத்தைச் சொன்னேன். சாப்பாடு ஆறுகிறது என்று சொன்னதையும் விடவில்லை. 

“ஏன் இப்ப சொல்லுறீங்கள்?”

“அவ இருக்கேக்கை சொல்லியிருக்கவேணும், தம்பி. பயத்திலை சொல்லேல்லை.”

“அம்மாட்டையும் சொல்லுவீங்களோ?”

“ஓம். வாறன்.”

ஞாயிறன்று ரூஜுக்குப் போனேன். கதவைத் திறந்த ரவி கத்தவில்லை, வாங்கோ என்று சொல்லவும் இல்லை, விலகி வழிவிட்டார். அந்த அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நான் சொல்லி முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்தப் பிள்ளை பரமேஸ் போகேக்கை பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?”

“ஓம் அம்மா. மகள் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ.”

“அது போதும்” என்றார். அவருக்கு அழுகை வந்தது. எனக்கும்தான்.

பரமேஸ் அக்கா, உங்கள் சிரிப்பும் உங்கள் கைச்சமையலும் மற்றவர்களுக்குப் போகட்டும். ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்று, என் பெயரைச் சொல்லி, என் பிழையை என் வாயால் சொல்ல முடியும் என்பதை உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மிகவும் பிந்தித்தான் எடுத்தேன். இனி அதைக் கைவிட மாட்டேன்.