காதுக்குப் பின்னால் இருபது முடி

நல்ல செய்தி ஒன்றைச் சொன்னதற்காக ஒருவர் தன்னையே மன்னிக்க முடியாமல் போகுமா?

ரம்லா இடது கையால் கல்லூரி கிளார்க்கின் காது மடலை முன்னால் வளைத்துப் பிடித்திருக்கிறார். வலது கையில் இடுக்கி. "மூச்ச இழுத்துக்குங்க" என்கிறார். அவர் இழுப்பதற்குள் முடி வந்துவிடுகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். அடியில் வெள்ளை உறை ஒட்டியிருந்தால் கண்ணாடித் தட்டுக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு.

"வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வேர் வரலீங்க. இன்னொண்ணு எடுக்கோணும்."

ஓர் ஆளுக்கு இருபது முடி. காதுக்குப் பின்னால் மட்டும், பார்ப்பவர்களுக்குத் தெரியாமல்.

பீளமேட்டில் ஒரு கல்லூரிக்குப் பின்புறம் இருக்கிறது ரம்லா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம். பிடுங்கிய முடியின் வேரைத் தட்டில் உயிரோடு வைத்து, அதற்குள் ஒரு மரபணுவை ஏற்றி, சிறு தோல் துண்டோடு சேர்த்து ரோமமில்லாத எலியின் முதுகில் ஒட்டுவார்கள். ஒட்டு பிடித்தால் அந்த வேர் எலியின் ரத்தத்தில் ஒரு புரதத்தைச் சுரக்க வேண்டும். அடிபட்டால் ரத்தத்தை உறையவைக்கும் புரதம். பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்கு என்றாவது ஒருநாள் இது உதவும் என்பார் ஆய்வை நடத்திய டாக்டர் நஞ்சுண்டன். 'என்றாவது' என்ற சொல்லை அழுத்திச் சொல்வார். ஆய்வைப் பற்றி எழுத அங்கே போய்வந்துகொண்டிருந்த எனக்கு அவரிடம் பிடித்தது அந்த அழுத்தம் மட்டுமே.

தொலைபேசி மணியடித்தால் ரம்லாவின் கை நின்றுவிடும். அழைப்பு தனக்கில்லை என்று தெரிந்த பிறகே இடுக்கி மறுபடி நகரும். அவருடைய தம்பி ஜபருல்லாவுக்கு அந்தப் புரதம் இல்லை. அவரோ உக்கடத்தில் பம்ப் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிறவர். நாள் முழுக்கச் செம்புக் கம்பியும் தகர விளிம்பும் சுத்தியலும்தான். ஒருமுறை பல் பிடுங்கியபோது நான்கு நாள் ரத்தம் நிற்கவில்லை. வீட்டு மேசை, கட்டில் முனைகளிலெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவைத்திருக்கிறார் ரம்லா.

யாருடைய ஒட்டு நிலைக்கிறதோ அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னும் முடி எடுப்பார்கள். முடி கொடுப்பவரின் பெயர் ஆய்வில் வராது, எண்தான் வரும். எந்த எண் யாருடையது என்பது ரம்லாவின் நோட்டில் மட்டும் இருக்கும். தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல், வீட்டிலேயே தம்பியின் காதுக்குப் பின்னால் இருபது முடி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஐஸ் கட்டியை அழுத்தி ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே அடுத்தது. மறுநாள் தட்டில் பதினான்கு என்று எழுதினார்.

ஆறாவது வாரம் பதினான்காம் எலியின் முதுகில் நான்கு கறுப்பு முடி எழுந்து நின்றது. கூண்டுகளைச் சுத்தம் செய்யும் பழனாத்தாள்தான் முதலில் பார்த்தார். "ஏனம்மணி, இத்துனூண்டு எலிக்குத் தலை சீவிப் பூ வெச்சுடலாமாட்ட இருக்குது!" ரத்தச் சோதனையில் புரதமும் இருந்தது. அன்று மாலை ரம்லா அதைத் தம்பியிடம் சொல்லிவிட்டார்.

"என்ற முடியே கத்துக்கிச்சு. நான் கத்துக்க மாட்டனாக்கா?" என்று சிரித்தார் ஜபருல்லா.

மறுவாரம், பத்து வருடமாகக் கட்டிவந்த முழங்கால் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மோட்டார் ஒன்றைக் கொடுத்துவர சைக்கிளில் சிங்காநல்லூருக்குக் கிளம்பினார். பயந்து வாழ்ந்தவனிடம் நம்பிக்கை வந்து சேர்ந்தால் முதலில் வெளியேறுவது எச்சரிக்கைதான் போலும். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அன்று அடித்த தொலைபேசி ரம்லாவுக்கானதாக இருந்தது.

மூட்டுக்குள் ரத்தம் கட்டி, முழங்கால் பலாப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா ஏறியது. அந்தக் கால் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. கட்டிலில் படுத்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்: "எலி சௌக்கியமாக்கா? என்னையத் திரும்பக் கூப்புட்டாங்களா?" வீடு திரும்பிய பிறகும் தினமும் மாலை அதையே கேட்டார்.

பன்னிரண்டாம் வாரம் நஞ்சுண்டன் முடிவுத் தாள்களோடு வந்தபோது நான் அங்கிருந்தேன். "மத்த எலிகள்ல எல்லாம் புரதம் அடங்கிப்போச்சுங்க ரம்லா. பதினாலு மட்டும் அப்படியே நிக்குது. அந்த ஆள உடனே திரும்பக் கூப்பிடுங்க. ஆரு அது?"

ரம்லா நோட்டைத் திறக்கவில்லை.

"அவரு ஊர விட்டுப் போயிட்டாருங்க சார்."

"எங்கிருந்தாலும் கூட்டியார முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

அந்த நேரத்தில் ஜபருல்லா ஆறு மைல் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த ஆய்வு முடிந்து இரண்டு வருடமாகிறது. டாக்டரிடமும் தம்பியிடமும் ரம்லா பிறகு உண்மையைச் சொல்லிவிட்டாராம். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்குங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். தம்பியைக் காத்தாரா, தம்பியிடமிருந்து எதையோ பறித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று நஞ்சுண்டன் தாள்களை மடித்துக்கொண்டு திரும்பியபோது, "சார்" என்று கூப்பிட்டார் ரம்லா. இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்து அவர் கையில் கொடுத்தார். முக்காட்டை ஒதுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, தன் காது மடலைத் தானே முன்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டார்.