முயல் தலையில் ஊற்றாத குடம்

இராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு நாடக விழா என்று சுற்றறிக்கை வந்தபோது, எங்கள் பள்ளி ஆசிரியர்களில் ஆர்வம் காட்டியவள் நான் ஒருத்திதான். ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதை ஒன்றை எடுத்து, சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லி நாடகமாகப் போட வேண்டும். "நம்ம கதையே இங்கன பாதிப் பேருக்குத் தெரியாது, இதுல ஆப்பிரிக்கா வேறயா?" என்று தலைமையாசிரியர் சிரித்தார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. முதல் பரிசு வாங்கும் பிள்ளைகளை மதுரைக்கு அழைத்துப் போய் நடிக்க வைப்பார்கள். மதுரைக்குப் போயே தீருவது என்று முடிவுசெய்தேன்.

கதை எளிது. மழையில்லாத காட்டில் மிருகங்களெல்லாம் சேர்ந்து கிணறு வெட்டுகின்றன. முயல் மட்டும் வேலைக்கு வராமல் டிமிக்கி கொடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் திருடி மாட்டிக்கொள்கிறது. காவலுக்கு நின்ற ஆமை, திருட்டுத் தண்ணீரைக் குடத்தோடு அதன் தலையில் கவிழ்ப்பதோடு நாடகம் முடியும். அந்தக் கடைசிக் காட்சி கதையில் கிடையாது, என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

முயல், கடற்கரையிலிருந்து வரும் கத்தோலிக்க வீட்டுப் பையன். வாயாடி. ஆமை, உள்ளூர்க் கூலி வீட்டுப் பெண். ஏழாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள், சொன்னதைச் செய்வாள். ஒத்திகையில் வெறுங்குடத்தைத்தான் கவிழ்த்தோம். விழாவுக்கு முந்தின நாள், "நாளைக்கு நெசத் தண்ணியோட வா" என்றேன்.

"நெறகுடமா டீச்சர்?"

"பின்னே, கொறகுடமாவா?" என்று எரிந்து விழுந்தேன். ஆயிரம் வேலை எனக்கு.

நாடகம் நன்றாகவே போனது. சாக்கில் காது தைத்துக்கொண்ட முயல் துள்ளிய துள்ளலில் நடுவர்களே சிரித்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் ஆமை குடத்தைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். திரைக்குப் பக்கத்திலிருந்து, "ஊத்துடீ, ஊத்து" என்று பல்லைக் கடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்து, கையை உள்ளே விட்டு, நாலு சொட்டு எடுத்து அவன் தலையில் தெளித்தாள். தண்ணீர் பட்டதும் அந்தப் பயல் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டான். சாமியார் தீர்த்தம் தெளித்ததாக நினைப்பு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆமை குடத்தோடு உள்ளே வந்துவிட்டாள்.

"முடிவு தெளிவாக இல்லை" என்றார்கள் நடுவர்கள். மதுரை போயிற்று. சிலுவைக்காரனைத் திட்ட மனம் வரவில்லை. கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, "ஒரு கொடத்தக் கவுக்கத் தெரியாதா? ஒன்னாலதான் இத்தன பேரும் மதுரைக்குப் போகல" என்று கத்தினேன். அவள் அழவில்லை. வேடத் துணியால் குடத்தின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"விடியுமுன்ன போயி மணல் ஊத்துல செரட்டையால மொண்டது டீச்சர். நாடகம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்துரணும்னு அம்மா சொல்லிவிட்டுச்சு. வீட்டுல இன்னிக்கு இம்புட்டுத்தான் இருக்கு."

தண்ணீரின் அருமையை ஊருக்குச் சொல்லக் கிளம்பியவள், அந்தக் குடம் எங்கே நிறைந்தது என்று கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பஸ்ஸில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு அவள் வீடு வரைக்கும் நடந்தேன்.

அவள் அம்மா வாசலிலேயே நின்றார். குடத்தை வாங்கி, துணியை விலக்கி உள்ளே பார்த்தார். முகம் தெளிந்தது.

"புள்ள நல்லா நடிச்சாளா டீச்சர்?"

"நல்லா நடிச்சா" என்றேன்.

"வெயில்ல நடந்து வந்திருக்கீகளே, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். அவள் அம்மாவிடமிருந்து குடத்தை வாங்கிச் சாய்த்தாள். போதும், போதும் என்று நான் தலையை ஆட்ட ஆட்ட, கை நிறைந்து வழிகிற வரைக்கும் ஊற்றினாள்.