பூக்காத கடதாசிப்பூ

கடதாசிப்பூக் கொடியைப் போல வீம்பு பிடித்த செடியை நான் கண்டதில்லை. கல்லு மண்ணிலும் வேர் விடும். வெட்ட வெட்டத் தழைக்கும். வேலியில் ஏறி, விட்டால் கூரையிலும் ஏறி, முள்ளைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் ஆசையாய்த் தண்ணீர் ஊற்றினால் மட்டும் பூக்காது, இலையாகவே தள்ளும். காயப்போட்டால்தான் பூவைக் காட்டும். இந்தச் சங்கதி ஏழு வயதில் எனக்குத் தெரியாது.

பலாபத்வலயில், தம்புள்ளைக்கு லொறிகள் ஓடும் வீதியோரம் எங்கள் வீடு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முதல் நாள், அம்மா கேட்டோரம் ஒரு கடதாசிப்பூக் கட்டையை ஊன்றினாள். "இது பூக்குறப்ப அம்மா வந்துருவேன்" என்றாள். அழுத பிள்ளையைச் சமாளிக்கச் சொன்ன வார்த்தை. நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், பள்ளிக்கூடப் போத்தலில் மிஞ்சிய தண்ணீர் எல்லாம் கொடிக்குத்தான். அதுவும் கேட்டை மூடிக்கொண்டு பச்சைப் பசேலென்று ஏறியது. ஒரு பூ இல்லை.

அப்பா, வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தார். அங்கே அவர் வளர்த்த கடதாசிப்பூ வேலியில் இலையே தெரியாது, அப்படிப் பூத்திருக்கும். நம் கொடிக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டால், "பூக்கும் பாப்பா, அவசரப்படாத" என்பார்.

ஒரு நாள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போய்ப் பேசினார். இன்னும் இரண்டு வருஷம் இருக்க அம்மா சம்மதித்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அன்று திரும்பி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. பெரிய வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து கொடியின் அடியில் ஊற்றினார்.

"நான் ஊத்துனது பத்தலையாப்பா?"

"பத்தல பாப்பா. இது நெறைய குடிக்கிற செடி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவும் அம்மாவுக்கு ஏங்குகிறார், அதனால்தான் என்னோடு சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குழாயில் காற்றுத்தான் வந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது ஓடையில் கேன் நிறைய அள்ளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடிக்கு ஊற்றினார். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"குடிக்கவே தண்ணி இல்ல. ஒங்களுக்கு என்னண்ணே, பைத்தியமா?"

அப்பா கேனைக் கவிழ்த்து மிச்சத்தையும் ஊற்றினார். ஊரே காய்ந்து கிடக்க, எங்கள் கேட்டு மட்டும் பச்சையாக நின்றது.

அம்மா ஒரு வழியாக வந்து சேர்ந்தாள். வேனை விட்டு இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, கொடியை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் பூக்கலையா?" என்றாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது என் வீட்டு வாசலிலும் ஒரு கடதாசிப்பூ நிற்கிறது. அப்பாதான் இல்லை. அது பூத்துக் கொட்டும் போதெல்லாம் அவரை ஒரு தரம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

அம்மா வந்த சில வாரங்களில் கேட்டு முழுக்க ரோஸ் நிறமாகப் பூத்தது. அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் பூத்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பெரிய வாளி குழாயடியில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா ஏன் அதைத் தொடுவதில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.